ஜாங்கோ டாக்ஸ்: தமிழ்ல முதல்ல எதை எழுதணும்?

ஜாங்கோங்கிறது பைத்தான்ல எழுதின ஒரு வெப் ஃபிரேம்வொர்க். எந்த வலைத்தளத்துக்கும் திரும்பத் திரும்பத் தேவைப்படுற விஷயங்கள் (டேட்டாபேஸ், லாகின், ஃபார்ம், அட்மின் பக்கம்) எல்லாம் அதுல முன்கூட்டியே தயாரா இருக்கும். காசு கிடையாது. யார் வேணா எடுத்துக்கலாம், உள்ள திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

2003ல அமெரிக்காவோட கான்சாஸ் மாநிலத்துல, லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டுங்கிற உள்ளூர்ப் பத்திரிகை ஆபீஸ்ல ஏட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் இதை எழுத ஆரம்பிச்சாங்க. 2005 ஜூலையில எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. (பேரு ஜாங்கோ ரைன்ஹார்ட்ங்கிற கிட்டார் கலைஞரோடது.) அதுக்கப்புறம் எத்தனையோ ஃபிரேம்வொர்க் வந்துச்சு, போச்சு. இது இன்னும் நிக்குது. நிரல் நல்லா இருக்கிறது ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், அதோட டாக்ஸ், அதாவது அதை எப்படிப் பயன்படுத்தறதுன்னு எழுதி வச்ச ஆவணங்கள்.

அந்தக் குழுவுல ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. யாராவது புது வசதி எழுதிக் கொடுத்தா, அதுக்கான டெஸ்டும் டாக்ஸும் கூடவே வரணும். வரலைன்னா சேர்த்துக்க மாட்டாங்க. நிரல் இருக்கிற அதே கிடங்குல, டாக்ஸ்ங்கிற ஃபோல்டர்லதான் மொத்த ஆவணமும் இருக்கு. 2007 கடைசியில ஹொலோவாட்டியும் ஜேக்கப் கப்லன்-மாஸும் எழுதின 'தி ஜாங்கோ புக்' அச்சுல வந்தப்ப, அதே புத்தகம் இணையத்துலயும் இலவசமா கிடைச்சுது. எழுதிப் புரிய வைக்கிறதும் வேலையில ஒரு பாதிங்கிற எண்ணம் ஆரம்பத்துல இருந்தே அங்க இருந்திருக்கு.

டாக்ஸோட முதல் பக்கத்துலயே அது நாலு வகையாப் பிரிஞ்சிருக்குன்னு சொல்லிடுவாங்க. டுட்டோரியல், தலைப்பு வாரியான விளக்கம், 'இதை எப்படிச் செய்யறது' வகை, ரெஃபரன்ஸ்.

இந்தப் பிரிவினை வெறும் அடுக்கி வைக்கிற வசதிக்காக இல்லை. நாலு பேரோட நாலு வேற தேவைக்காக. டுட்டோரியல் புதுசா வர்றவங்களுக்கு: கையைப் பிடிச்சு, இதைத் தட்டு, இப்ப பார், இது வந்துச்சான்னு கூட்டிட்டுப் போகும். விளக்கம், ஏன் அப்படின்னு கேக்கறவங்களுக்கு. 'எப்படிச் செய்யறது' பக்கங்கள், வேலை நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்கு. ரெஃபரன்ஸ், எல்லாம் தெரிஞ்சும் ஒரு ஆப்ஷனோட சரியான பேரு மறந்து போனவங்களுக்கு. தறியில புதுசா உக்கார்ற பிள்ளைக்கு முதல்ல நாடா போடத்தான் விடுவாங்க, ஜக்கார்டு அட்டையை எப்படிப் படிக்குதுன்னு அன்னிக்கே பாடம் எடுக்க மாட்டாங்க இல்லையா, அந்த மாதிரி.

ஜாங்கோ குழுவைச் சேர்ந்த தானியேலே புரோசிடா இந்த நாலு வகையைப் பத்தி வருஷக்கணக்கா யோசிச்சு, டையடாக்சிஸ்னு பேர் வச்சு ஒரு முறையாவே எழுதி வச்சிருக்கார். இன்னிக்கு மத்த ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் பலதும் அந்த முறையில டாக்ஸை அடுக்குறாங்க. அவர் சொல்றதுல ரொம்ப உபயோகமானது: ஒரு வகையை இன்னொண்ணோட கலக்காதீங்க. டுட்டோரியல் நடுவுல தத்துவம் பேச ஆரம்பிச்சா கத்துக்கிறவங்க அங்கேயே நின்னுடுவாங்க.

ஜாங்கோவோட சொந்த டுட்டோரியல் 8 பகுதி. ஒரு வாக்கெடுப்புத் தளம் கட்டுறாங்க: கேள்வி, அதுக்கு விடைகள், எந்த விடைக்கு எத்தனை ஓட்டு. முதல் பகுதியில ஒரு பக்கம் திரையில வரும். ரெண்டுல டேட்டாபேஸும் அட்மினும். மூணுல டெம்ப்ளேட், நாலுல ஃபார்ம். அஞ்சாவது முழுக்க டெஸ்ட் எழுதறது. (புதுசா வர்றவங்களுக்கு இவ்வளவு சீக்கிரமா டெஸ்ட் சொல்லிக் கொடுக்கிற டுட்டோரியல் அபூர்வம். அந்த அஞ்சாம் பகுதியைத் தாண்டிக் குதிக்கிறவங்க ஒரு நல்ல பழக்கத்தையே தவற விடுறாங்க.) மிச்சத்துல அலங்காரம், அட்மினை மாத்தறது, வெளியார் எழுதின பேக்கேஜைச் சேர்க்கிறது.

இதுலயும் ஒரு இடைவெளி இருக்கு. பைத்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டுதான் அது தொடங்குது. டெர்மினல்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு ஜாங்கோ கேர்ல்ஸ் டுட்டோரியல் இருக்கு. 2014ல பெர்லின்ல ஓலா சிடார்ஸ்காவும் ஓலா சென்டெக்காவும் பெண்களுக்காக ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினாங்க, அதுக்காக எழுதினது. இணையம் எப்படி வேலை செய்யுதுன்னு ஆரம்பிச்சு, கமாண்ட் லைன், பைத்தான், அப்புறம்தான் ஜாங்கோ. முடிவுல நம்ம தளம் நிஜமாவே இணையத்துல நிக்கும். மோசில்லாவோட எம்டிஎன் தளத்துலயும் ஒரு நீளமான ஜாங்கோ பாடம் இருக்கு, அதுல ஒரு நூலகம் கட்டுவாங்க.

இவ்வளவு இருக்கும்போது எங்க சிக்கல்?

பழைய வீடியோ பாடங்கள்ல. ஜாங்கோ சுமாரா 8 மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் விடும். 4.2, 5.2 மாதிரி புள்ளி 2ல முடியறதுக்கு மட்டும் 3 வருஷம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2017 டிசம்பர்ல வந்த 2.0 பெரிய மாற்றம்: பைத்தான் 2 போச்சு, முகவரி எழுதற முறை எளிமையாச்சு, ஃபாரின் கீ (ஒரு பதிவை இன்னொண்ணோட இணைக்கிறது) எழுதும்போது 'ஆன் டிலீட்' கட்டாயமாச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவை இன்னிக்கு ஒருத்தர் அப்படியே பார்த்துத் தட்டினா அரை மணி நேரத்துல எரர் வரும். தப்பு தன்னோடதுன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவாங்க. எத்தனை பேர் அப்படிப் போயிருப்பாங்கன்னு நினைச்சாலே கோவம் வர்ற விஷயம் இது. அதிகாரப்பூர்வ டாக்ஸ்ல இந்தக் கதை இல்லை. பக்கத்துக் கீழ் மூலையிலயே எந்த வெர்ஷன்னு மாத்திக்கலாம், இன்ஸ்டால் பண்ணினது எதுவோ அதுக்கான பக்கத்தையே படிக்கலாம். மொத்தத்தையும் பிடிஎஃப்பாவோ இபப்பாவோ இறக்கி வச்சுக்கவும் முடியும். நெட் வந்து வந்து போற ஊர்ல இது சின்ன உதவி இல்லை.

இப்ப தமிழ் பக்கம் வருவோம்.

ஜாங்கோ டாக்ஸ் தளத்துல பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியன், இந்தோனேசியன்னு சில மொழிகள் இருக்கு. தமிழ் இல்லை. ஆனா ஃபிரேம்வொர்க்குக்கு உள்ள தமிழ் இருக்கு. செட்டிங்ஸ்ல மொழியைத் தமிழ்னு மாத்தினா அட்மின் பக்கம் தமிழ் பேசும். எல்லா வரியும் இல்லை, நிறைய வரி மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கு. (ஆர்வம் இருக்கிறவங்க டிரான்ஸ்ஃபெக்ஸ்ங்கிற மொழிபெயர்ப்புத் தளம் வழியா இதைச் செய்யலாம், நிரல் எழுதத் தெரியணும்னு அவசியம் இல்லை.)

தமிழ்ல படிச்ச ஒரு பிள்ளைக்கு ஜாங்கோ வரைக்கும் வர எவ்வளவு தூரம்? பலர் நினைக்கிறதை விடக் கம்மிதான். 2019ல வந்த தமிழ்நாடு அரசு 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் பைத்தானைத்தான் சொல்லிக் கொடுக்குது, தமிழ் வழியிலயும். செயற்கூறு, இனக்குழு, பொருள், டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் எல்லாம் அதுல இருக்கு. பைத்தான் வழியா எஸ்க்யூலைட்ல டேபிள் உருவாக்கி, தகவல் சேர்த்து, தேடி எடுக்கிற ஒரு பாடமும் இருக்கு.

ஜாங்கோ புதுசா ஆரம்பிச்சா தானா எடுத்துக்கிற டேட்டாபேஸும் அதே எஸ்க்யூலைட்தான். ஜாங்கோவுல ஒரு மாடல் (டேபிளோட வடிவத்தைச் சொல்ற கிளாஸ்) எழுதி, அதுக்கு மைக்ரேஷன் உருவாக்கிட்டு, 'எஸ்க்யூஎல் மைக்ரேட்'னு ஒரு கட்டளை கொடுத்தா, அது பின்னாடி ஓட்டப்போற எஸ்க்யூஎல் வரிகளைக் காட்டும். பள்ளிப் புத்தகத்துல கையால எழுதின அதே டேபிள் உருவாக்கற வரி! இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டற ஒரு தமிழ்ப் பாடம் இருந்தா, ஆரணி அரசுப் பள்ளியில தமிழ் வழியில படிச்ச பொண்ணுக்கு ஜாங்கோ அந்நியமாவே தெரியாது.

தமிழ்ல எழுதற முயற்சியும் புதுசு இல்லை. 2012 ஜனவரியில த. சீனிவாசனை ஆசிரியரா வச்சு ஆரம்பிச்ச கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பத்தியே எழுதிக்கிட்டு வருது. யார் வேணா எடுத்து, மாத்தி, பரப்பலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல. து. நித்யா 'எளிய தமிழில்'ங்கிற வரிசையில மைஎஸ்க்யூஎல், குனு/லினக்ஸ், எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்னு ஒவ்வொண்ணா எழுதி, அதெல்லாம் இலவச மின்னூலாவே கிடைக்குது. ஐஐடி பம்பாயோட ஸ்போக்கன் டுட்டோரியல் இன்னொரு வழி எடுத்தாங்க: சின்னச் சின்ன வீடியோ, திரையில இருக்கிறது ஆங்கிலத்துலயே இருக்கும், குரல் மட்டும் தமிழ், இன்னும் பல இந்திய மொழிகள். பார்க்கிறவங்க நிறுத்தி நிறுத்தி, கூடவே செஞ்சு பார்க்கணும். திரை ஆங்கிலம், விளக்கம் தமிழ்ங்கிற இந்த முடிவு ரொம்பச் சரி. வேலைக்குப் போனாலும் திரையில அதேதான் இருக்கப் போகுது.

அப்ப ஜாங்கோ டாக்ஸை அப்படியே தமிழ்ல பெயர்த்துடலாமா?

வேண்டாம். குறைஞ்சது ரெஃபரன்ஸை வேண்டாம்.

ஜாங்கோ டாக்ஸ் ஸ்ஃபிங்க்ஸ்ங்கிற கருவியில கட்டினது (பைத்தான் டாக்ஸுக்காக 2008ல கேயார்க் பிராண்டல் எழுதினது). மொழிபெயர்ப்பு அதுல பத்தி பத்தியா நடக்கும். மூலத்துல ஒரு பத்தி மாறினா, அந்தப் பத்தியோட தமிழ் செல்லாது, பக்கத்துல அந்த இடம் மட்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பிடும். 8 மாசத்துக்கு ஒரு வெர்ஷன் வர்ற இடத்துல, நாலஞ்சு பேர் உயிரைக் கொடுத்து ரெஃபரன்ஸைப் பெயர்த்தாலும் ரெண்டு வருஷத்துல அது பாதி தமிழ் பாதி ஆங்கிலமா நிக்கும். ரெஃபரன்ஸ் பார்க்கிற நிலைக்கு வந்தவங்களுக்கு அந்த ஆங்கிலம் ஒரு தடையும் இல்லை. ஆப்ஷன் பேர், ஒரு வரி விளக்கம், ஒரு உதாரணம், அவ்வளவுதான்.

தமிழ்ல வேண்டியது டுட்டோரியலும் விளக்கமும். அதுவும் பெயர்த்தது இல்லை, புதுசா எழுதினது. உதாரணம் நம்ம ஊர் வேலையில இருந்து வரணும். ஏன்னு ஆரணியையே வச்சுப் பார்க்கலாம்.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி பட்டுப் புடவைக்குப் பேர் போன ஊர், ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. ஊருக்குள்ள மட்டும் இல்லாம தேவிகாபுரம், ஒண்ணுபுரம்னு சுத்து வட்டாரத்துலயும் வீட்டுக்கு வீடு தறி. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ நெசவாளர்கிட்ட பாவு (நீளவாக்கு இழை), ஊடைப் பட்டு (குறுக்கு இழை), ஜரிகை எல்லாம் எடை போட்டுக் கொடுப்பாங்க. புடவை நெய்து வந்ததும் மறுபடி எடை பார்ப்பாங்க. மிச்சம் மீதி கணக்குப் பார்த்துக் கூலி. ஒரு பாவுல ஒண்ணுக்கு மேல புடவை வரும். கோர்வைக்கு (உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவுல நெய்து கோக்கிறது) ஒரு கூலி, சாதா பார்டருக்கு வேற கூலி. நோட்டுல எழுதற கணக்கு இது. இதையே ஒரு ஜாங்கோ டுட்டோரியலா எழுதினா எப்படி இருக்கும்?

மாடல் நாலு: நெசவாளர், டிசைன், பாவு, புடவை. பாவு ஒரு நெசவாளரோட சேர்ந்தது, புடவை ஒரு பாவோட சேர்ந்தது. ஃபாரின் கீன்னா என்னன்னு இதுக்கு மேல விளக்கவே வேண்டாம்.

இப்ப அந்த 'ஆன் டிலீட்' வருது. வாக்கெடுப்பு உதாரணத்துல அதுக்கு கேஸ்கேட்னு போட்டிருப்பாங்க: கேள்வியை அழிச்சா விடைகளும் கூடவே அழியும். அங்க அது சரி. பாவு கணக்குல அதையே போட்டா? ஒரு நெசவாளர் சங்கத்தை விட்டுப் போனார்னு யாரோ அவர் பேரை அழிச்சா, அவர்கிட்ட கொடுத்த பாவு, ஜரிகை, நெய்த புடவை, கொடுத்த கூலி எல்லாம் ஒரே நொடியில காணாமப் போகும். இங்க புரொடெக்ட்தான் போடணும். அப்ப ஜாங்கோ அழிக்க விடாது, இவரோட சேர்ந்த பதிவுகள் இருக்குன்னு நிறுத்திடும். கேஸ்கேட்டுக்கும் புரொடெக்ட்டுக்கும் என்ன வித்தியாசம்னு ரெஃபரன்ஸ்ல ரெண்டு வரி இருக்கு. அந்த ரெண்டு வரி எதுக்குன்னு பாவு கணக்குலதான் புரியும்.

அடுத்தது காசும் எடையும். வாக்கெடுப்புல ஓட்டு முழு எண். ஜரிகை எடையும் கூலியும் அப்படி இல்லை. ஃப்ளோட் ஃபீல்டுல வச்சா கூட்டும்போது கடைசித் தசமம் ஆடும், டெசிமல் ஃபீல்டுதான் கணக்குக்கு நிக்கும். இன்னொண்ணு: கூலியை டிசைன் மாடல்ல மட்டும் வச்சா, கூலி உயர்வு வந்து அதை மாத்தின நிமிஷம் பழைய பில்லும் சேர்ந்து மாறும். அதனால புடவை வரவு வைக்கும்போதே அன்னிக்கு இருந்த கூலியைப் புடவையோட பதிவுலயும் எழுதி வைக்கணும். இது ஜாங்கோவைத் தாண்டின பாடம். ஆனா நல்ல டுட்டோரியல் இப்படித்தான் கூடுதலாச் சொல்லிக் கொடுக்கும்.

நேரமும் அப்படித்தான். புது புராஜெக்ட்ல ஜாங்கோ யுடிசி நேரத்துல (இந்திய நேரத்துக்குப் பின்னால ஓடறது) இருக்கும். ஆசியா/கொல்கத்தான்னு மாத்தலைன்னா, காலை 5.30 மணிக்கு முன்னாடி போட்ட பதிவு முந்தின நாள் தேதியில தெரியும். விடியறதுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிக்கிற ஊர்ல இது நிஜமான குழப்பம்.

ஆங்கில டுட்டோரியல்கள் பொதுவா சொல்லாத விஷயம் ஒண்ணு மிச்சம் இருக்கு: தமிழ் எழுத்து.

கோர்வைங்கிற சொல்லுல நமக்கு 3 எழுத்து. பைத்தானுக்கு 6, ஏன்னா துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படும். அதனால ஒரு ஃபீல்டுக்கு இத்தனை எழுத்துதான்னு வரம்பு வைக்கும்போது தாராளமா வைக்கணும். ஸ்லக் இன்னும் மோசம். தலைப்புல இருந்து முகவரி செய்யற ஜாங்கோவோட ஸ்லகிஃபை, சாதாரணமா விட்டா தமிழ் முழுசையும் தூக்கிட்டு வெறும் இடத்தைத் திருப்பித் தரும். யூனிகோடை அனுமதின்னு சொன்னாலும் கோர்வை 'கரவ'ன்னு வந்து நிக்கும். பைத்தான் தேடற விதத்துல நம்ம துணைக்குறியும் புள்ளியும் எழுத்துல சேராது, அதனால உதிர்ந்துடும். எண்ணை வச்சோ ஆங்கில எழுத்துல ஒரு குறியீடு வச்சோ முகவரி அமைக்கிறதுதான் வழி. அகர வரிசையும் சரியா வராது: யூனிகோடுல ன பக்கத்துலயே ந இருக்கு, ற நடுவுல வருது, நம்ம நெடுங்கணக்குலயோ ற, ன ரெண்டும் கடைசி. நெசவாளர் பேர்ப் பட்டியல் அச்சடிச்சதும் யாராவது கண்டுபிடிச்சுக் கேப்பாங்க.

இதெல்லாம் தமிழ்ல எழுதினாத்தான் வெளியே வரும். மொழிபெயர்ப்புல வராது, மூலத்துல இல்லாததை எப்படிப் பெயர்க்கிறது?

இந்தியாவுலயே பிறந்த ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கும் இருக்கு: மும்பையில ருஷப் மேத்தா ஆரம்பிச்ச ஃபிராப்பே. இஆர்பிநெக்ஸ்ட்ங்கிற நிறுவன நிர்வாக மென்பொருளை அது மேலதான் கட்டியிருக்காங்க. சங்கக் கணக்கு மாதிரி வேலைக்கு ஜாங்கோவை விட அது சீக்கிரமாவே முடிச்சுக் கொடுக்கும். ஆனா அதோட டுட்டோரியலும் ஆங்கிலத்துல ஒரு நூலகத்தைத்தான் கட்டுது. முதன்முதலா கத்துக்கிறவங்களுக்கு ஜாங்கோதான் பொருத்தம், பள்ளியில படிச்ச பைத்தான் அதுல அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் டுட்டோரியல் எழுதறவங்க சிலதை ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடணும். ஒரே வெர்ஷனைப் பிடிச்சுக்கணும், 3 வருஷம் தாங்கற 5.2 மாதிரி ஒண்ணை. அந்த எண்ணை ஒவ்வொரு பக்கத்து மேலயும் போடணும். பள்ளிப் புத்தகம் இனக்குழுன்னு சொல்லுது, வேலையில கிளாஸ்னு சொல்லுவாங்க, முதல் தடவை ரெண்டையும் சொல்லிட்டு அப்புறம் ஒண்ணுலயே போகலாம். எரர் செய்தியை ஆங்கிலத்துல வர்ற மாதிரியே காட்டி, அதைத் தமிழ்ல படிக்கச் சொல்லிக் கொடுக்கணும், ஏன்னா எரர் வர்ற இடத்துலதான் தனியாப் படிக்கிறவங்க கைவிடுறாங்க. எழுதினதை எச்டிஎம்எல்லும் பிடிஎஃப்புமா விடணும். வீடியோ மட்டும் போதாது, பழசானதும் வீடியோவைத் திருத்த முடியாது, பக்கத்தைத் திருத்தலாம்.

உரிமத்துல தடை எதுவும் இல்லை. ஜாங்கோ டாக்ஸ் பிஎஸ்டி உரிமம், ஜாங்கோ கேர்ல்ஸ் டுட்டோரியல் கிரியேட்டிவ் காமன்ஸ். எடுத்து, மாத்தி, நம்ம உதாரணத்தைப் போட்டு வெளியிடலாம். யாரோட அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆரணியில இருந்தும் சுத்துப்பட்டு ஊர்ல இருந்தும் படிச்சுட்டுச் சென்னையிலயும் பெங்களூர்லயும் தினமும் ஜாங்கோவுல வேலை செய்யறவங்களே, பாவு கணக்கும் தெரிஞ்சு ஃபாரின் கீயும் தெரிஞ்சவங்க நீங்கதான். முழுப் புத்தகம் வேண்டாம், மாடல் பத்தி ஒரே ஒரு பாடம் தமிழ்ல எழுதுங்க. போட இடம் இல்லைன்னா கணியத்துக்கு அனுப்புங்க, வெளியில இருந்து வர்ற கட்டுரைகளை அவங்க போடுறாங்க.